தருமப் பெட்டியில் மிச்சம் இருக்கலாமா?



உங்கள் ஊரிலே தோன்றிய சிறு சங்கங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். மரண உதவிச் சங்கம், சனசமூக நிலையம், பாலர் பாடசாலை, நோயாளரைச் சந்தித்து உதவும் சபை என்று எத்தனையோ இருந்திருக்கும். அவற்றுள் இன்றும் உயிரோடிருப்பவை எத்தனை? பெயர்ப்பலகை மாத்திரம் எஞ்சி நிற்பவை எத்தனை? ஒரு சங்கம் மறைந்துவிட்டால், "யாரோ காசை எடுத்துவிட்டார்கள்" என்று ஊர் பேசும். அப்படி நடப்பதும் உண்டு. ஆயினும் ஒரு சதமேனும் களவு போகாமல், நேர்மையும் பக்தியும் உள்ளவர்களின் கையிலேயே மெல்ல மெல்ல இறந்துபோகும் சங்கங்களும் பல. களவினால் அழிந்த சங்கத்தைக் குறித்துக் கோபப்படுகிறோம். நல்லவர்களின் கையில் அழிந்த சங்கத்தைக் குறித்தோ நாம் சிந்திப்பதேயில்லை.

இத்தகைய சங்கங்களின் கூட்டங்களில் அடிக்கடி எழும் ஒரு வாக்குவாதம் உண்டு. ஏழைகளுக்கென்று கொடுக்கப்பட்ட காசில், நாளைக்கென்று ஒரு பங்கை மிச்சம் பிடிக்கலாமா? "பசித்தவன் வாசலில் நிற்கும்போது காசை வங்கியில் வைத்திருப்பது பாவம்" என்பார் ஒருவர். "எல்லாவற்றையும் இன்றைக்கே கொடுத்துவிட்டால் நாளைக்கு வருகிறவனை எப்படிப் பார்ப்பது?" என்பார் மற்றவர். இருவருமே நல்லெண்ணம் உள்ளவர்கள். இது கணக்குப் புத்தகத்தோடு முடிந்துவிடும் விஷயமென்று எண்ண வேண்டாம். இது நீதியைப் பற்றிய கேள்வி. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதையொத்த ஒரு கேள்வியைப் பற்றித் திருச்சபையின் பேரறிஞர்களே அரை நூற்றாண்டு காலம் தர்க்கம் செய்தார்கள். அந்த வரலாறு நமக்கு நல்ல பாடம்.

இத்தாலி நாட்டில் 15ஆம் நூற்றாண்டில், ஏழைத் தொழிலாளிக்கு அவசரமாகக் காசு தேவைப்பட்டால் வட்டிக்குக் கொடுப்பவரிடம் போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. வட்டியோ ஆண்டுக்கு 20 வீதம், 30 வீதம், சில இடங்களில் அதற்கும் மேல். இந்தக் கொடுமையைக் கண்ட பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் பெருஜியா நகரத்தில் மக்களைத் தூண்டி, 1462ஆம் ஆண்டில் ஒரு பொது நிதியை உருவாக்கினார்கள். அதற்கு 'மொந்தே தி பியெத்தா' என்று பெயர். 'மொந்தே' என்றால் மலை, குவியல். இங்கே குவித்து வைத்த பணம் என்பது கருத்து. எங்கள் மொழியில் 'இரக்க நிதியம்' என்று சொல்லலாம். ஏழை ஒருவர் தமது மேலங்கியையோ பாத்திரத்தையோ அங்கே அடைவு வைத்துச் சிறு தொகை பெறுவார். குறித்த காலத்தில் மீட்க இயலாமற் போனால் பொருள் ஏலத்தில் விற்கப்படும். கடன்போக மிஞ்சிய காசு அவருக்கே திருப்பிக் கொடுக்கப்படும். எத்துணை மேலான ஏற்பாடு! மிகக் குறுகிய காலத்தில் இத்தாலியின் பல நகரங்களுக்கு இது பரவியது.

இந்த வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அக்காலத்தில் வட்டிக்குக் கொடுத்தவர்களுள் யூதர்களும் இருந்தார்கள். இந்த நிதியங்களுக்காகப் பிரசங்கித்த துறவிகளிற் சிலர் யூத மக்கள்மீது கொடிய பகைமையைத் தூண்டினார்கள். ஏழைக்குக் காட்டிய இரக்கம், அயலவனுக்கு இழைத்த அநீதியை நியாயப்படுத்தாது. இரண்டும் ஒரே கணக்கேட்டில் எழுதப்பட வேண்டியவை.

இனி எமது கேள்விக்கு வருவோம். நிதியம் தொடங்கியாயிற்று. ஆனால் அதற்கு ஓர் இடம் வேண்டும். அடைவுப் பொருளைக் காவல் காக்க ஆள் வேண்டும். மதிப்பிட ஒருவர், கணக்கெழுத ஒருவர் வேண்டும். இவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? ஓர் உதாரணம் பார்ப்போம். ஆயிரம் நாணயத்தோடு ஒரு நிதியம் தொடங்குகிறது. ஆண்டுச் செலவு 50 நாணயம். கடன் வாங்கியவர் அனைவரும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தாலும், ஒருவரும் ஏமாற்றாவிட்டாலும், 20 ஆண்டுகளில் அந்தக் குவியல் இல்லாமற் போய்விடும். ஏழைகள் மறுபடியும் பழைய வட்டிக்காரரின் வாசலுக்கே போவார்கள்.

இதைத் தெளிவாகக் கண்டவர் முத்திப்பேறு பெற்ற பெல்த்ரே நகர பெர்னார்தீன் என்னும் பிரான்சிஸ்கன் துறவி. கடன் பெறுவோரிடம் ஒரு சிறு கட்டணம் வாங்கினாலன்றி இந்நிதியங்கள் நிலைக்கமாட்டா என்று அவர் வாதாடினார். 1493இல் புளோரன்ஸ் நகரில் கூடிய அவரது சபையினரும் அவர் பக்கமே தீர்ப்பளித்தார்கள். மறுபக்கத்தில் இருந்தவர்களும் சாதாரணமானவர்களல்லர். சாமிநாதர் சபையைச் சேர்ந்த மாபெரும் இறையியலாளராகிய கயெத்தான் 1498இல் இதைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். கடன் கொடுத்து, கொடுத்ததற்கு மேலாக ஒரு காசு வாங்கினாலும் அது வட்டிதானே? தருமம் நடத்துவதற்கான செலவை ஏழையின் தலையில் சுமத்துவது எந்த வகையில் தருமம்? இதுவே அத்தரப்பினரின் கேள்வி. இக்கேள்வியின் நியாயத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது.

ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கத்திலே, 1515ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி, பாப்பரசர் பத்தாம் சிங்கராயர் இந்த வழக்கைத் தீர்த்தார். நிதியத்தின் செலவுக்கென்று மட்டும், இலாப நோக்கம் எதுவுமின்றி, அளவான கட்டணம் பெறுவது வட்டியாகாது. அது நியாயமானது என்பது தீர்ப்பு. இவ்வளவையும் பலர் அறிவார்கள். ஆனால் அதே ஏட்டில் இன்னொரு கருத்தும் உண்டு. கடன் முற்றிலும் இலவசமாக இருப்பதே மேலானது, அதிக புனிதமானது. ஆகையால் இத்தகைய நிதியங்களைத் தொடங்குவோர், அங்கே பணிபுரிவோரின் சம்பளத்தை முழுமையாக அல்லாவிடினும் பாதியளவாவது கொடுப்பதற்கு ஒரு நிதியை ஒதுக்குவது நல்லது என்று அது அறிவுறுத்துகிறது.

இந்த ஆலோசனையின் ஆழத்தை நோக்குங்கள். தருமத்துக்குச் செலவு உண்டு என்று திருச்சபை ஒப்புக்கொள்கிறது. அந்தச் செலவை யாரோ ஒருவர் தாங்கியே தீரவேண்டும். ஏழை தாங்கலாம், கொடையாளி தாங்கலாம், அல்லது மூலதனம் கரைந்து நாளைய ஏழை தாங்கலாம். நான்காவது வழி இல்லை. இவற்றுள் கொடையாளி தாங்குவதே மேலானது.

ஆனால் எமது வழக்கம் என்ன? கட்டிடத்துக்குக் கல் நாட்டக் காசு கேட்டால் கொடுக்கிறோம்; கல்லிலே எமது பெயரும் இருக்கும். பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கக் கேட்டாலும் கொடுக்கிறோம். பாலர் பாடசாலை ஆசிரியையின் சம்பளத்துக்கும், மின்சாரக் கட்டணத்துக்கும், கூரை ஒழுக்கைத் திருத்துவதற்கும், கணக்காய்வுக்கும் கேட்டால் எமது முகம் மாறிவிடுகிறது. "என் காசு முழுவதும் பிள்ளைகளுக்கே போகவேண்டும்" என்கிறோம். கேட்க நல்ல வார்த்தைதான். ஆனால் அதன் விளைவு என்ன? ஆசிரியை அரைச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். அதாவது, எமது தருமத்தின் மீதிப் பாதியை எம்மிலும் ஏழையான அவர் கொடுக்கிறார். அவருடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. உழைத்தவரின் கூலியைப் பிடித்துவைத்துச் செய்யப்படும் தருமம் ஆண்டவருக்கு உகந்ததாகுமா என்பதைச் சிந்தியுங்கள்.

அடுத்து, காலம் என்னும் சோதனை. ஒரு சங்கத்தின் ஆரோக்கியத்தை ஒரு வருடக் கணக்கில் காணமுடியாது. ஒரு மரண உதவிச் சங்கத்தைக் கற்பனை செய்வோம். 100 குடும்பங்கள், மாதச் சந்தா 200 ரூபா, ஆண்டு வரவு 2,40,000 ரூபா. ஒரு மரணத்துக்கு 40,000 ரூபா உதவி. தொடக்கத்தில் அங்கத்தவர் பலரும் இளவயதினர், ஆண்டுக்கு மூன்று மரணங்கள் என்றால் செலவு 1,20,000, மிச்சமும் 1,20,000. பத்து ஆண்டுகளில் 12 இலட்சம் சேர்ந்துவிடும். சங்கம் செல்வம் கொழிக்கிறது என்று எல்லோரும் மகிழ்வார்கள்; சந்தாவைக் குறைக்கலாம் என்று பிரேரணை கொண்டுவருவாரும் உண்டு. காலம் செல்கிறது. இளைஞர் வெளிநாடு போகிறார்கள், 70 குடும்பங்களே எஞ்சுகின்றன, வரவு 1,68,000. இருப்பவர்கள் முதியவர்கள், மரணங்கள் ஐந்து. விலைவாசி ஏறியதால் உதவித் தொகை 60,000 ஆகிறது. செலவு 3,00,000. ஆண்டுதோறும் 1,32,000 ரூபா துண்டு விழும். பத்து ஆண்டுகளில் சேர்த்தது ஒன்பதே ஆண்டுகளில் போய்விடும். ஒருவரும் திருடவில்லை. முதல் நாள் தொட்டு 25 ஆண்டுகள் சந்தா கட்டிய ஒரு விதவைத் தாய் இறக்கும்போதோ பெட்டியில் ஒன்றுமில்லை. இது அநீதியல்லவா? சேர்ந்த அந்த 12 இலட்சமும் மிச்சமல்ல, அவர்களுக்குக் கொடுக்கவேண்டிய கடன் என்பதை அன்றைக்கே யாரேனும் சொல்லியிருக்க வேண்டும்.

காசின் பெறுமதியும் கரைகிறது. 2022ஆம் ஆண்டில் இந்நாடு பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தது. வங்கிப் புத்தகத்தில் இலக்கம் மாறவில்லை. அந்தக் காசுக்கு வாங்கக்கூடிய அரிசியின் அளவுதான் சுருங்கிப்போயிற்று. ஆகவே நிலையான வைப்பில் போட்டுவிட்டு மறந்திருப்பதும் பாதுகாப்பல்ல. வெளிநாட்டிலுள்ள ஓர் உபகாரியின் கையையே நம்பியிருக்கும் சங்கங்களும் எம்மிடையே உண்டு. அவருடைய அன்பில் குறையில்லை. ஆனால் அவருக்கும் முதுமை வரும். அவருடைய பிள்ளைகளுக்கு இந்த ஊர் பெயரளவிலேயே தெரிந்திருக்கும். ஒரே தூணில் நிற்கும் பந்தல் அது.

"நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று ஆண்டவர் போதிக்கவில்லையா? களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனை மூடன் என்று சொல்லவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தச் செல்வன் தனக்கென்று சேர்த்தான். உண்டு குடித்து இளைப்பாறவே சேர்த்தான். ஒரு சங்கத்தின் வைப்பு நிதியோ அச்சங்கத்தவருக்கு உரியதன்று; இன்னும் வாசலுக்கு வராத ஏழைக்கு உரியது. என்னுடைய நாளையைப் பற்றிய கவலையை விட்டுவிடுவது விசுவாசம். பிறருடைய நாளையைப் பற்றிய கவலையை விட்டுவிடுவதோ அசட்டை. பழைய ஏற்பாட்டிலே யோசேப்பு, செழிப்பான ஏழு ஆண்டுகளிலும் எகிப்தின் விளைச்சலில் ஐந்திலொரு பங்கைச் சேர்த்து வைத்தார். அதை எவரும் அவநம்பிக்கை என்று சொல்லவில்லை. அவரிடம் ஒரு நோக்கம் இருந்தது. ஓர் அளவு இருந்தது. ஒரு காலம் குறிக்கப்பட்டிருந்தது. பஞ்சம் வந்தபோது களஞ்சியத்தின் கதவு திறக்கப்பட்டது.

ஆனால் தொடக்கநூலை மேலும் வாசித்தால் வேறொன்றும் தெரியும். அதே களஞ்சியத்துத் தானியத்துக்காகவே மக்கள் தங்கள் மந்தைகளையும் நிலங்களையும், ஈற்றில் தங்களையுமே பாரவோனுக்கு விற்கும்படி ஆயிற்று. உயிர் காத்த சேமிப்பே அவர்களை அடிமைகளுமாக்கியது. சேர்த்து வைக்காவிட்டால் ஒரு ஆபத்து. சேர்த்தது எதற்கென்று மறந்துபோனால் மற்றொரு ஆபத்து.

இந்த இரண்டாவது ஆபத்துக்கும் இரக்க நிதியங்களின் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 1472இல் சியெனா நகரம் தன் ஏழைகளுக்குக் கடன் கொடுக்க இத்தகைய நிதியமொன்றை நிறுவியது. 1624இல் அரசரின் மேய்ச்சல் நிலங்களின் வருமானம் அதற்குப் பிணையாகக் கொடுக்கப்பட்டது. அது வளர்ந்து வளர்ந்து 'மொந்தே தேய் பாஸ்கி' என்னும் பெரிய வங்கியாயிற்று. உலகில் இன்றும் இயங்கும் வங்கிகளுள் மிகப் பழையது என்ற பெயரும் பெற்றது. 1995இல் அது பங்குக் கம்பனியாக்கப்பட்டு, பெரும்பாலான பங்குகள் ஓர் அறநிதியத்திடம் விடப்பட்டன. அந்த அறநிதியம் கிடைத்த இலாபத்தைக் கொண்டு சியெனாவின் நற்பணிகளுக்கு வாரி வழங்கியது. ஆனால் தன் செல்வத்தின் மிகப் பெரும் பங்கை அந்த ஒரே வங்கியிலேயே வைத்திருந்தது. 2007இல் வங்கி, மற்றொரு வங்கியை ஏறத்தாழ 900 கோடி யூரோவுக்கு வாங்க உடன்பட்டது. அதன் பின்னர் நட்டத்தின்மேல் நட்டம். அறநிதியத்தின் செல்வம் கரைந்தது. அதை நம்பியிருந்த நற்பணிகளும் வாடின. 2017இல் இத்தாலிய அரசே 500 கோடி யூரோவுக்கு மேல் கொட்டி வங்கியை மீட்க நேர்ந்தது. ஏழையின் மேலங்கியை அடைவு பிடித்துத் தொடங்கிய நிதியம், ஏழைகள் கட்டிய வரியினாலும் காப்பாற்றப்பட்டது!

அப்படியானால் அளவு எது? எல்லாச் சங்கத்துக்கும் பொருந்தும் ஓர் இலக்கம் கிடையாது. ஆனால் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. முதலாவது, இன்றோடு வரவு நின்றுவிட்டால் எமது கதவு எத்தனை மாதம் திறந்திருக்கும்? இரண்டாவது, எமது வரவில் மிகப் பெரிய பங்கைக் கொடுப்பவர் விலகினால் எது எஞ்சும்? மூன்றாவது, ஒரு நோக்கத்துக்கென்று கொடுக்கப்பட்ட காசை வேறொன்றுக்கு எடுத்திருக்கிறோமா? நான்காவது, எமது பணியின் உண்மையான செலவு என்ன, அதை யார் சுமக்கிறார்கள்? ஐந்தாவது, எமது வைப்பு எதற்காக, எவ்வளவு வரை, எந்த நாளில் அதை எடுப்போம்? ஐந்தாவது கேள்விக்கு மறுமொழி சொல்ல முடியாத வைப்பு, மூடனின் களஞ்சியமாக மாறத் தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.

இக்கேள்விகளைக் கேட்பது பொருளாளர்மேல் சந்தேகப்படுவதாகாது. பன்னிருவரின் பணப்பையைச் சுமந்தவன் யூதாஸ் என்பதை நற்செய்தி மறைக்கவில்லை. ஆனால் புனித சின்னப்பரைப் பாருங்கள். எருசலேமின் ஏழைகளுக்கென்று சேர்த்த காணிக்கையைக் கொண்டுசெல்ல, சபைகளே தெரிந்தெடுத்த ஒருவரைத் தம்மோடு வைத்துக்கொண்டார். ஆண்டவருக்கு முன்பாக மாத்திரமன்றி மனிதர் முன்பாகவும் குறைசொல்ல இடமிருக்கலாகாது என்பது அவர் சொன்ன நியாயம். அவருக்கே அது தேவைப்பட்டதென்றால் எமக்குத் தேவையில்லையா? 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், திருச்சபைச் சொத்துக்களை நிருவகிப்போர் வரவுசெலவுப் புத்தகங்களை ஒழுங்காக எழுதி, ஆண்டு முடிவில் கணக்கறிக்கை தயாரிக்க வேண்டுமென்று 1284ஆம் பிரிவில் விதிக்கிறது. ஒரு நோக்கத்துக்கென்று கொடுக்கப்பட்டதை அந்நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டுமென்பது 1267ஆம் பிரிவு. பற்றுச்சீட்டு எழுதுவதும் காசேட்டைச் சரிபார்ப்பதும் செபத்துக்கு வெளியே நடக்கும் உலக அலுவல்கள் என்று எண்ணுகிறவர்கள் இவற்றை வாசிப்பது நல்லது.

தருமப் பெட்டியில் மிச்சம் இருக்கலாமா என்பது எமது கேள்வி. இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் அது யாருடைய மிச்சம் என்பது எழுத்திலே இருக்கவேண்டும். பசித்தவன் வாசலில் நிற்கும்போது பெட்டியைப் பூட்டுபவர் அவனுக்கு அநீதி செய்கிறார். பெட்டியை இன்றைக்கே காலியாக்கி நல்ல பெயர் எடுப்பவர், பத்து ஆண்டுகளின் பின் அதே வாசலில் வந்து நிற்கப்போகும், இன்னும் முகம் தெரியாத ஒருவனுக்கு அநீதி செய்கிறார். முகம் தெரிந்தவனுக்காகப் பேச எப்போதும் ஆளுண்டு. முகம் தெரியாதவனுக்காகப் பேசுவது கணக்கேடு ஒன்றே.

உங்கள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கப்படும் வேளையிலே, எத்தனையோ பேர் எழுந்து வெளியே போய் நின்று கதைப்பது வழக்கம். இம்முறை இருந்து கேளுங்கள். ஐந்தொகை விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். கடந்த ஐந்து ஆண்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்படி பொருளாளரை அன்போடு கேளுங்கள். பின்னர் சங்கத்துக்கு ஏதேனும் கொடுக்க மனமிருந்தால், ஒருவரும் விரும்பிக் கொடுக்காத அந்தச் செலவுக்கு, மின்சாரக் கட்டணத்துக்கோ ஆசிரியையின் சம்பளத்துக்கோ, கொடுங்கள். அந்தக் காசினால்தான் நாளைக்கும் அந்தக் கதவு திறக்கும்.